கோடிட்ட இடங்களோடு விரிவுரைக் குறிப்பு: தயாரிப்பது முதல் பகிர்வது வரை

வகுப்பில் சொல்லப்போவதில் ஒரு பகுதியை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைக் காலியாக விட்டு, அந்தக் காலியிடங்களை டேப்லெட்டில் மாணவர்களோடு சேர்ந்தே நிரப்பிக்கொண்டு போவது எப்படி என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கேட்க எளிது. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்வார்கள், மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு எங்கே காலியிடம் விடலாம் என்று யோசிப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒருமுறையாவது செய்து பாருங்கள், பிறகு உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பேனாவால் எழுதக்கூடிய ஒரு கருவி வேண்டும். திரையிலேயே எழுதும் டேப்லெட்டாக இருந்தால் நல்லது. கணினியோடு இணைக்கும், திரை இல்லாத எழுதுபலகையும் போதும், ஆனால் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக எழுதப் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை வகுப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மென்பொருளுக்கு மூன்று தகுதி போதும். பல பக்க பிடிஎஃப்பைத் திறந்து அதன் மேல் எழுத விட வேண்டும். எழுதிய கோடுகளைப் புள்ளிப் படமாக மாற்றாமல் கோடாகவே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது, கோப்பும் சிறியதாக இருக்கும். மூன்றாவதாக, அதே பக்க அளவில் பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எக்ஸோர்னல்++ இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும், இந்த மூன்றையும் செய்யும். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு குட்நோட்ஸ், நோட்டபிலிட்டி போன்றவை சரிவரும்.

கிரிட்டா போன்ற ஓவிய மென்பொருளில் குறிப்பு முழுவதையும் எழுதப் பார்ப்பவர்கள் உண்டு. அது படம் வரைய அருமையானது, ஆனால் பல பக்கக் குறிப்புக்காகச் செய்யப்பட்டது அல்ல. படத்தை அங்கே வரைந்து, குறிப்புக்குள் கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒன்நோட், வெண்பலகைச் செயலிகள் போல எல்லையில்லாமல் நீளும் தாளில் எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பிடிஎஃப் ஆக்கும்போது பக்கம் எங்கே வெட்டுப்படும் என்பது உங்கள் கையில் இல்லை, ஒரு சமன்பாட்டின் நடுவிலேயே வெட்டிவிடும்.

இவை தவிர, நீங்கள் எழுதும் செயலி அல்லாத வேறொரு பிடிஎஃப் ரீடரும், ஒரே ஒருமுறை அச்சிட்டுப் பார்க்க ஒரு பிரின்டரும் தேவை. ஏன் என்று 7ஆம் படியில் வரும்.

2. முழுக் குறிப்பையும் விடையோடு எழுதி முடியுங்கள்

காலியிடத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். வகுப்பில் பலகையில் என்னவெல்லாம் எழுதுவீர்களோ அத்தனையையும், படம், வரைபடம், கணக்கின் ஒவ்வொரு வரி உட்பட, முழுசாக எழுதுங்கள். சாதாரணத் தாளில் எழுதினாலும் போதும்.

காரணம் நேரடியானது. விடை எவ்வளவு நீளம் என்று தெரியாமல் அதற்கு இடம் ஒதுக்க முடியாது. நேராகக் காலியிடத்தோடு ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் கண்திட்டமாக நாலு வரி விடுவார்கள். வகுப்பில் பாதியில் இடம் தீர்ந்துபோய் ஓரத்தில் எழுத ஆரம்பிப்பார்கள், அதைப் பார்த்து மாணவர்களும் ஓரத்தில் எழுதுவார்கள். அதோடு அந்தப் பக்கத்தின் ஒழுங்கு போய்விடும்.

3. எதைக் காலியாக விடுவது என்று முடிவு செய்யுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான், இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. முழுக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தை நிரப்ப மாணவர் யோசிக்க வேண்டுமா, அல்லது என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு எழுதினால் போதுமா? யோசிக்க வேண்டும் என்றால் காலியாக விடுங்கள். கேட்டு எழுதினால் போதும் என்றால் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இதன்படி, வரையறைகள், தேற்றத்தின் வாசகம், கணக்கின் கேள்வி, தரவு அட்டவணை, வரைபடத்தின் அச்சுகளும் அளவுகளும் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். இவற்றை மாணவர்கள் கையால் எழுதுவதில் நேரம்தான் போகிறது, தப்பாக எழுதிவிட்டால் அந்தத் தப்பைத்தான் தேர்வுக்கு முன்னால் படிப்பார்கள். காலியாக இருக்க வேண்டியவை வேறு: ஒரு நிரூபணத்தில் அடுத்த அடி, அந்த அடியை எடுத்து வைப்பதற்கான காரணம், வளைவின் வடிவம், விடையின் குறி கூட்டலா கழித்தலா என்பது, கடைசி முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்வது.

ஒரு எடுத்துக்காட்டு. சாய்தளத்தில் ஒரு கட்டை ஓய்வில் இருக்கிறது, அதன் மேல் செயல்படும் விசைகளை வரைய வேண்டும். சாய்தளம், கட்டை, கோணம் மூன்றையும் அச்சிட்டு விடுங்கள். அம்புக்குறிகளை மட்டும் விட்டுவிடுங்கள். புதிதாகப் படிப்பவர்களில் நிறையப் பேர் செங்குத்து எதிர்விசையைத் தளத்துக்குச் செங்குத்தாக வரையாமல் நேர்மேலே வரைந்துவிடுவார்கள், அதன் நீளத்தையும் எடைக்குச் சமமாகப் போட்டுவிடுவார்கள். உராய்வின் திசையிலும் தடுமாறுவார்கள். ஆக இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது முழுவதும் அந்த மூன்று அம்புகளில் இருக்கிறது. அவற்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, "எடையை இரண்டு ______ ஆகப் பிரிக்கலாம்" என்று ஒரு சொல்லை மட்டும் விடுவது வீண். மாணவர்கள் எங்கே தவறு செய்வார்கள் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் அல்லவா, காலியிடம் அங்கேதான் விழ வேண்டும்.

எனக்குப் பிடித்த இன்னொரு வகை, ஊகக் காலியிடம். ஒரு சோதனையையோ கணக்கையோ செய்வதற்கு முன்னால், "கோணத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு வரி இடம் விடுவது. சரியா தவறா என்பது முக்கியமில்லை, முன்னால் ஒன்றை எழுதி வைத்தவர் பின்னால் வரும் விடையைக் கவனித்துப் பார்ப்பார்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, வாக்கியங்களில் ஆங்காங்கே சொற்களை உருவிவிடுவது. அது மனப்பாடத் தேர்வு மாதிரி ஆகிவிடும், மாணவர்கள் பாடத்தைக் கேட்காமல் அந்தச் சொல் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, தொடர்ந்து ஐந்தாறு காலியிடங்களை அடுக்குவது. அப்போது யோசிக்க நேரமே இருக்காது, எல்லாரும் பார்த்து எழுதத்தான் செய்வார்கள். இரண்டு பெரிய காலியிடங்களுக்கு நடுவில் அச்சில் உள்ள ஒரு பத்தியோ முழுதாகச் செய்து காட்டிய கணக்கோ இருக்கட்டும்.

4. பக்க அளவை இப்போதே பூட்டிவிடுங்கள்

பக்க அளவைப் பிறகு மாற்றினால் எல்லாக் காலியிடங்களும் நகர்ந்துவிடும், அதனால் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். அச்சிடப் போகிறவர்கள் இருந்தால் ஏ4, செங்குத்து. அதாவது 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதைப் போடாததால்தான் பலர் வகுப்பில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். புரொஜெக்டரும் மடிக்கணினித் திரையும் பெரும்பாலும் 16:9 விகிதம். செங்குத்து ஏ4 தாளை அகலத்துக்குப் பொருத்திக் காட்டினால் அதன் உயரத்தில் சுமார் 40 சதவீதம்தான் ஒரே நேரத்தில் தெரியும். ஏறக்குறைய 12 செ.மீ., கருவிப்பட்டைகள் பிடிக்கும் இடம் போக 11 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கேள்வியும், அதன் படமும், அதற்கான காலியிடமும் சேர்ந்து 11 செ.மீ. உயரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கேள்வி தெரியும்போது விடை தெரியாது, விடை எழுதும்போது கேள்வி மேலே போய்விடும். நீளமான கணக்கு என்றால் இரண்டாகப் பிரித்து, இரண்டாம் பகுதியின் தலையில் தேவையான வரியை மறுபடி அச்சிட்டுவிடுங்கள்.

தாளைப் படுக்கை வசமாக வைத்தால் 80 சதவீதம் தெரியும். படங்கள் அதிகமுள்ள பாடத்துக்கு அது நல்ல தேர்வு. கணக்கு வரிவரியாகக் கீழே இறங்கும் பாடத்துக்குச் செங்குத்துத்தான் வசதி.

ஓரங்களில் 15 மி.மீ. விடுங்கள். வீட்டு பிரின்டர்கள் பலவற்றால் தாளின் விளிம்பு வரை அச்சிட முடியாது, அதோடு தாளைத் துளையிட்டுக் கோப்பில் போடுபவர்களுக்கு இடது ஓரம் வேண்டும்.

5. அடித்தாளைத் தயாரித்துப் பூட்டுங்கள்

அடித்தாள் என்று நான் சொல்வது, மாணவர் கைக்குப் போகும் வெற்றுக் குறிப்பு. இதைப் பற்றி ஒரே ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள்: விடை ஒருபோதும் அடித்தாளில் இருந்திருக்கவே கூடாது. விடை எப்போதும் அதன் மேல்தான் வர வேண்டும்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடையோடு கூடிய கோப்பை எடுத்து, விடையின் மேல் வெள்ளைச் செவ்வகம் போட்டு மூடுவது, எழுத்தை வெள்ளை நிறமாக்குவது, அல்லது அழிப்பானின் வெள்ளையடிக்கும் முறையைப் பயன்படுத்துவது. திரையில் பார்த்தால் காலியாகத்தான் இருக்கும். ஆனால் கீழே எழுத்து அப்படியே இருக்கிறது. தட்டச்சு செய்த விடையாக இருந்தால் மாணவர் அந்த இடத்தைத் தேர்ந்து நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால் விடை வந்து விழும். விடையைத் தனி லேயரில், அதாவது பக்கத்தின் மேல் கண்ணாடித்தாள் போல அடுக்கும் தனித் தளத்தில் எழுதி, அந்த லேயரை மறைத்து எக்ஸ்போர்ட் செய்வதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பிடிஎஃப் வடிவத்திலேயே மறைந்திருக்கும் லேயர்களுக்கு இடம் உண்டு, சில மென்பொருள்கள் மறைத்த லேயரையும் கோப்புக்குள் வைத்தே அனுப்பும். எக்ஸோர்னல்++ இல் லேயர்கள் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி, முதல் பக்கத்தில் மறைத்தால் இரண்டாம் பக்கத்திலும் மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சரியான வழி இது. வேர்ட், லிப்ரெஆஃபிஸ், லாடெக் எதில் வேண்டுமானாலும், விடை இல்லாமல், காலியிடத்தோடு தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். கையெழுத்தில்தான் வேண்டும் என்றால் குறிப்பு எழுதும் மென்பொருளில் அச்சுப் பகுதியை மட்டும் கையால் எழுதி, பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்து, அந்தப் பிடிஎஃப்பையே மறுபடி பின்னணியாகத் திறந்துகொள்ளுங்கள். இந்தச் சுற்று வழி தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் பின்னணியாகப் போய்விட்ட பிறகு அதை அழிப்பான் தொடாது. வகுப்பில் ஒரு தப்பான வரியை அவசரமாக அழிக்கும்போது கேள்வியும் சேர்ந்து அழியாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும்.

அடித்தாளில் இன்னும் மூன்று விஷயங்களைச் சேருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட பக்க எண். ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஓர் எண், 3.1, 3.2 என்று பக்க எண்ணோடு சேர்த்து. தலைப்பில் பாடத்தின் பெயரும் தேதியும். காலியிட எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "இப்போது 3.2க்கு வாருங்கள்" என்று சொன்னால் தாமதமாக வந்தவரும் உடனே கண்டுபிடிப்பார், பிரின்டர் இல்லாமல் போனில் குறிப்பைப் பார்ப்பவர் தன் நோட்டில் 3.2 என்று எழுதி விடையை மட்டும் எழுதிக்கொள்வார். திரையைக் கண்ணால் பார்க்க முடியாமல், அதில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவருக்கும் அந்த எண்தான் அங்கே ஒரு காலியிடம் இருக்கிறது என்று சொல்லும்.

தமிழில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்தி, எக்ஸ்போர்ட் செய்யும்போது எழுத்துரு கோப்புக்குள் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிஎஃப் ரீடரில் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியல் இருக்கும். பதியாவிட்டால் உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது வேறொரு போனில் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம்மாறியோ தெரியலாம்.

6. காலியிடத்தின் அளவைக் கையெழுத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

தட்டச்சு செய்தவரின் கண்ணுக்கு எல்லாக் காலியிடமும் போதுமானதாகவே தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் கணக்குப் போடுங்கள். சாதாரணக் கோடு போட்ட நோட்டில் வரிக்கு வரி இடைவெளி 7 முதல் 9 மி.மீ. வரை இருக்கும், 8 என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் 2ஆம் படியில் எழுதிய முழு விடை ஆறு வரி என்றால் 48 மி.மீ. அதோடு பாதியைக் கூட்டினால் 72 மி.மீ., அதுதான் சரியான இடம். பின்னம், அடுக்கு, தொகையீட்டுக் குறி வரும் வரிகளை ஒன்றுக்கு இரண்டாக எண்ணுங்கள்.

ஏன் பாதியைக் கூட்ட வேண்டும்? மாணவர் முதலில் தானே முயன்று பார்ப்பார், தவறினால் அடிப்பார், பிறகு சரியானதை எழுதுவார். அடித்ததற்கும் இடம் வேண்டும். மாணவர் செய்த தவறும் அதே பக்கத்தில் இருந்தால்தான் பிறகு படிக்கும்போது எங்கே வழுக்கினோம் என்று அவருக்கே தெரியும்.

டிஜிட்டலில் எழுதுபவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பெரிதாக்கி எழுதுவது. 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிவிட்டு எழுதினால் உங்கள் எழுத்து தாளில் பாதி அளவுக்குச் சுருங்கியிருக்கும், ஆறு வரி மூன்று வரி இடத்தில் அடங்கிவிடும், இடம் தாராளமாக இருக்கிறது என்று நினைப்பீர்கள். அதே இடத்தில் பேனாவால் எழுதும் மாணவரால் பாதியைக்கூட எழுத முடியாது. அதனால் பக்க அகலத்துக்குப் பொருத்திய அளவிலேயே எழுதப் பழகுங்கள். கோட்டின் தடிமன் 0.5 மி.மீ. அளவில் இருந்தால் அச்சிலும் திரையிலும் சரியாகத் தெரியும்.

வரைபடத்துக்கு விடும் இடத்தில் மங்கலான சாம்பல் கட்டம் அச்சிட்டுக் கொடுங்கள். வாக்கிய விடைக்கு மெல்லிய கோடுகள். கணக்கு விடைக்கு எதுவும் வேண்டாம், வெறும் வெள்ளை, ஏனென்றால் சமன்பாடு கோட்டுக்குள் உட்காராது.

7. ஒருமுறை அச்சிட்டு, பேனாவால் நீங்களே நிரப்புங்கள்

இதைத் தவிர்க்க ஆயிரம் காரணம் தோன்றும். தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அச்சிட்ட அடித்தாளில் சாதாரண பேனாவால், மாணவர் எழுதும் வேகத்தில், எல்லாக் காலியிடத்தையும் நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓரத்தில் குறியுங்கள். விடை தெரிந்த உங்களுக்கு இரண்டு நிமிடம் என்றால் மாணவருக்கு நான்கு என்று வைத்து மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். விளக்கம் சொல்லும் நேரத்தையும் சேர்த்தால் பாட நேரத்தைத் தாண்டிவிடுகிறதா? அப்படியானால் சில காலியிடங்களை அச்சாக மாற்றுங்கள், வேகமாகப் போய்ச் சமாளித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் எல்லாம் சற்றுச் சுருங்கும். பொதுவாக அதனால் பாதிப்பில்லை. ஆனால் அளவுகோல் வைத்து அளக்க வேண்டிய படம் இருந்தால் 100 சதவீதத்தில் அச்சிடும்படி முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பதும் அவசியம். சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்டியிருந்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத மாணவர்களும் வகுப்பில் இருப்பார்கள். ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதை விட்டுவிட்டு வரும் கோடாகவும் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

அப்புறம், அந்த வேறொரு பிடிஎஃப் ரீடரில் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து நகலெடுத்து, ஒரு வெற்று ஆவணத்தில் ஒட்டுங்கள். தட்டச்சு செய்த விடை ஏதாவது ஒளிந்திருந்தால் இங்கே வந்துவிடும்.

8. வெற்றுப் பிரதியைப் பகிர்வது

குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். வகுப்புக்கு அரை மணி முன்னால் அனுப்பினால் அச்சிட நினைத்தவர் வெறுங்கையோடு வருவார்.

பிடிஎஃப்பாக மட்டும் அனுப்புங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பை அனுப்பினால் அந்த மென்பொருள் இல்லாதவரால் திறக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ஆவணமாக அனுப்புங்கள், பக்கங்களைப் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டுச் சிறிய எழுத்துகள் கலங்கிவிடும். கோப்பு பெரியதாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒட்டிய படங்கள்தான். ஏ4 பக்கம் முழுக்க 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில், ஒரு படம் வைத்தால் அது 2480க்கு 3508 புள்ளிகள். 150 டிபிஐ ஆக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை கால் பங்காகும், கோப்பும் நன்றாகச் சுருங்கும், வகுப்புக் குறிப்புக்கு அந்தத் தெளிவு போதும்.

முடிந்தவரை கோப்பை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். பிழை கண்டுபிடித்துத் திருத்தினால் புதுக் கோப்பு, திருத்திய கோப்பு, கடைசிக் கோப்பு என்று மூன்று பேர் மூன்று பிரதியோடு உட்கார்ந்திருக்கும் நிலை வராது. கூகுள் டிரைவில் ஏற்கெனவே ஏற்றிய பிடிஎஃப்புக்குப் புதிய பதிப்பை ஏற்றும் வசதி இருக்கிறது, இணைப்பு மாறாது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால்தான் பழைய இணைப்பு செத்துப்போகும். அனுமதியைப் பார்க்க மட்டும் என்று வையுங்கள். அனுப்பும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, அந்த இணைப்பு திறக்கிறதா என்று பாருங்கள், "எனக்கு அனுமதி கேட்கிறது" என்ற செய்திகள் வராமல் இருக்கும்.

கோப்பின் பெயரில் பாட எண் முதலில் வரட்டும், 03, 04 என்று இரண்டு இலக்கமாக. ஒற்றை இலக்கமாக வைத்தால் பல இடங்களில் 10 வந்து 2க்கு முன்னால் நின்றுகொள்ளும். பெயரின் கடைசியில் வெற்று, நிரப்பியது என்று தெளிவாகப் போடுங்கள். தவறான கோப்பை அனுப்பிவிடுவது இந்தப் பெயர் ஒழுங்கு இல்லாததால்தான்.

9. வகுப்பில் நிரப்புவது

வகுப்புக்கு முன், அடித்தாளைத் திறந்தவுடன் அன்றைய தேதியோடு வேறு பெயரில் சேமியுங்கள். அடுத்த பிரிவுக்கும் அடுத்த ஆண்டுக்கும் அடித்தாள் சுத்தமாக இருக்க வேண்டும். எக்ஸோர்னல்++ இல் பிடிஎஃப்பைத் திறக்கும்போது அதைக் கோப்போடு இணைத்துவைக்கும் ஒரு பெட்டி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் உங்கள் எழுத்து ஒரு கோப்பிலும், பின்னணி எங்கோ ஒரு கோப்புறையிலும் இருக்கும். வீட்டில் திறந்ததை வகுப்பறைக் கணினிக்குக் கொண்டுபோனால் கேள்விகள் இல்லாமல் விடைகள் மட்டும் வெள்ளைத் தாளில் மிதக்கும்.

திரையைப் பகிரும்போது திரை முழுவதையும் பகிராமல் அந்த ஒரு சாளரத்தை மட்டும் பகிருங்கள், அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். புரொஜெக்டரோடு இணைப்பதானால் திரையை நகலெடுக்காமல் நீட்டித்து வைத்தால் உங்கள் முழு விடைத்தாளை உங்கள் திரையில் மட்டும் திறந்துவைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது ஒரு ஒழுங்கு வையுங்கள். காலியிட எண்ணைச் சொல்லுங்கள், கேள்வியை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாணவர்களுக்கு நேரம் கொடுங்கள். இந்த அமைதியைத் தாங்குவது ஆரம்பத்தில் கஷ்டமாக இருக்கும், உடனே எழுத ஆரம்பித்துவிடத் தோன்றும். நீங்கள் எழுத ஆரம்பித்த நொடியில் எல்லாரும் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்து எழுத ஆரம்பிப்பார்கள், 3ஆம் படியில் அவ்வளவு யோசித்து விட்ட காலியிடம் வீணாகிவிடும். நேரம் கொடுத்த பிறகு எழுதுங்கள், எழுதுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் அந்தக் குரல்தான் பலகை.

நிறங்களில் கட்டுப்பாடு வேண்டும். அச்சு கறுப்பு, உங்கள் எழுத்து நீலம், திருத்தமோ எச்சரிக்கையோ சிவப்பு. இதற்கு மேல் போனால் மாணவர் பேனா மாற்றிக்கொண்டே இருப்பார்.

வகுப்பின் நடுவில் செய்யவே கூடாதவை இரண்டு. செங்குத்து இடைவெளிக் கருவியால் கீழே எழுதியவற்றைத் தள்ளாதீர்கள். உங்கள் எழுத்து நகரும், பின்னணியில் உள்ள அச்சு நகராது, விடை வேறொரு கேள்வியின் கீழ் போய் நிற்கும். இடம் போதவில்லை என்று நடுவில் பக்கம் சேர்க்கவும் வேண்டாம், அதன் பிறகு மென்பொருள் காட்டும் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. கோப்பின் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்து, மேலே "3.2 தொடர்ச்சி" என்று எழுதி அங்கே தொடருங்கள். மாணவர்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள்.

வகுப்பு முடிந்ததும் மூடும் முன்பே சேமித்து, பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

10. நிரப்பிய பிரதியை எப்போது கொடுப்பது

இதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் உடனே கொடுப்பதில்லை, ஓரிரு நாள் கழித்து, அடுத்த வகுப்புக்கு முன்னால் கொடுக்கிறேன். இன்றே வரும் என்று தெரிந்தால் வகுப்பில் எழுதாமல் உட்காருபவர்கள் கூடிவிடுவார்கள். வரவே வராது என்றால், யோசிப்பதை விட்டுவிட்டு ஒரு புள்ளி விடாமல் நகலெடுப்பதிலேயே குறியாக இருப்பார்கள். என்று வரும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் இரண்டு பதற்றமும் இருக்காது. உடல்நிலை காரணமாக வராதவர்களுக்கும், கை வேகமாக எழுத முடியாதவர்களுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, அவர்களுக்கு அன்றே அனுப்புங்கள். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவருக்குக் கையெழுத்து உள்ள பிடிஎஃப் பெரும்பாலும் பயன்படாது, 2ஆம் படியின் முழுக் குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால் அதைக் கொடுக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தாளில் எழுதாமல் தட்டச்சு செய்துகொள்வது நல்லது.

ஊகக் காலியிடங்களை மட்டும் நிரப்பிய பிரதியிலும் காலியாகவே விடுங்கள், அவை மாணவருடையவை.

11. அடுத்த முறைக்கான திருத்தம்

வகுப்பில் எந்தக் காலியிடத்தில் இடம் போதவில்லை, எதில் எல்லாரும் திகைத்து நின்றார்கள், எதை யாருமே யோசிக்காமல் நிரப்பிவிட்டார்கள் என்று அன்றே குறியுங்கள். திகைத்த இடத்தில் ஒரு குறிப்பு வரி அச்சில் சேர்க்க வேண்டும், யோசிக்காமல் நிரப்பிய இடத்தை அச்சாகவே மாற்றிவிடலாம். இந்தத் திருத்தங்களைப் பிடிஎஃப்பின் மேல் ஒட்டுப்போடாமல், 5ஆம் படியில் தட்டச்சு செய்த மூலக் கோப்பில் செய்து புதிதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். காலியிட எண்கள் மாறியிருந்தால் முழு விடைத்தாளிலும் அதே எண்களை மாற்றிவிடுங்கள், இரண்டையும் ஒரே கோப்புறையில் வையுங்கள்.